சட்டி ஓடு சொன்ன சரித்திரம்

யாழ்ப்பாணத்தின் பழைமை பற்றிப் பேச்செழுந்தால் நம்மவர் முதலில் நாடுவது 'யாழ்ப்பாண வைபவமாலை'யைத்தான். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூலில், மணற்றிடரை ஒரு யாழ்பாடி பரிசிலாகப் பெற்ற கதை வருகிறது. இனிய கதை. ஆனால் அவன் வருமுன் அந்த மணல் ஆளற்றுத்தான் கிடந்ததா? இதற்கான விடை ஏட்டில் இல்லை. நாம் காலால் எற்றிவிட்டுப் போகும் சட்டி ஓட்டில் இருக்கிறது.

கந்தரோடைக்குப் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? பனைகளின் அயலில், முருகைக்கல்லால் அமைந்த சிறு தாதுகோபங்களை. போல் பீரிஸ் 1917இலும் 1919இலும் அவ்விடம் பற்றி எழுதிய நாள் தொட்டு எல்லோர் கண்ணும் அவற்றின் மீதே. அவை யாருடையவை என்ற வழக்கும் ஓய்ந்தபாடில்லை. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட்காட்சியகத்தார் அங்கு குழி வெட்டினார்கள். கீழ்ப் படைகளில் வெளிவந்தவை கறுப்பு-சிவப்பு மட்கலத் துண்டுகள். தென்னிந்தியாவின் பெருங்கற்கால மக்கள் ஆண்ட கலங்களின் இனம் அது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது.

இந்தக் கலத்தை ஒருமுறை கண்டால் மறக்கமாட்டோம். உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதனால் காற்றுப் படாத பகுதி கறுத்தது என்று விளக்குவர். சுன்னாகச் சந்தையில் வாங்கிய சட்டியின் துண்டென்று இதனை மயங்க இடமேயில்லை. ஆயினும் குனிந்து பார்ப்பவர் அரிது.

குனிந்து பார்த்தவர்களுள் பொன்னம்பலம் இரகுபதியைச் சொல்ல வேண்டும். தோட்டந்தோட்டமாக, மணல்மேடு மணல்மேடாக நடந்து, மேற்பரப்பில் கிடந்த ஓடுகளைக் கொண்டே குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை அவர் இனங்கண்டார். 1987இல் அது நூலாயிற்று.

இடையே 1980இல் ஆனைக்கோட்டையில், பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஈமக்குழிகளை அகழ்ந்தனர். நீட்டிக் கிடத்திய எலும்புக்கூடு. அருகே படையற் கலங்கள். கூடவே ஒரு சிறு உலோக முத்திரை. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று வாசித்தார்கள்.

நேயர்களே, முத்திரையைப் பற்றி மேடைக்கு மேடை பேசியாயிற்று. ஓர் அரசன் அகப்பட்டுவிட்டான் அல்லவா! பக்கத்திலிருந்த சட்டிகளைப் பற்றிப் பேசியோர் எத்தனை பேர்? என் எண்ணத்தில் சட்டிதான் பெரிய சாட்சி. முத்திரை ஒருவனுடையது, எங்கிருந்தும் வந்திருக்கலாம். சட்டி ஓடோ கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் அவற்றுக்கு அப்பாலும் கிடக்கிறது. நாள்தோறும் உலை வைத்து, உண்டு, இறந்தவர்க்கும் படைத்த ஒரு சமூகமே அங்கு வாழ்ந்திருந்தால் அன்றி இது நேராது.

இதன் பாரம் எத்தகையதென்று அறிய இந்திரபாலாவையே பாருங்கள். 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வில், ஏடுகளையும் சாசனங்களையும் நிறுத்துப் பார்த்து, இலங்கையில் தமிழரின் பரந்த குடியேற்றத்தைப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்துக்கே கொண்டு வந்திருந்தார். 2005இல் எழுதிய நூலில் அந்தக் கருத்தைத் தாமே மாற்றினார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்றுகள் அவரை அசைத்துவிட்டன. அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார்: இன்று தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் இத்தீவின் அந்தப் பழைய மக்களின் வழியில் வந்தவர்களே. சட்டி ஓட்டைப் பொறுக்கித் தம் கட்சிக்குக் கல்லாக எறிய விரும்பிய இரு சாராருக்கும் இது உவப்பான செய்தியன்று.