கண்ணாடிக்கு வெளியே நின்றவள்

சென்ற மாதம் என் அக்காவின் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. 31 வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 450 கிராம். செய்தி வந்ததும் அக்காவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், சாய்வு நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை அவள் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். குல்லா போட்ட சின்னத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய்.

"பாட்டி, கை கழுவிட்டு நீங்களும் உள்ள வரலாம்" என்றார் நர்ஸ்.

அக்கா நகரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே இருந்தாள். உள்ளே ஏதோ ஒரு கருவி பீப் பீப் என்றதும் அவள் கால் நடுங்குவதைப் பார்த்தேன். பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "23 நாள்டா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்தது. 1974-இல் அவளுக்கு முதல் குழந்தை எட்டாம் மாதம் பிறந்தது. ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதை அவள் காதுபடவே சொன்னார்கள். முதல் நாள் கிணற்றடியில் தண்ணீர்க்குடம் தூக்கியதுதான் காரணம் என்றும் சொன்னார்கள். குழந்தையை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இன்குபேட்டரில் வைத்தார்கள். தாய் உள்ளே போகக்கூடாது. சாயங்காலம் ஒரு முறை கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பாலைப் பீய்ச்சி டம்ளரில் கொடுத்தால் ஆயா வாங்கிப் போவாள். இரண்டாவது வாரம் பாலும் வற்றிவிட்டது. 23 நாள் கழித்துத்தான் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள்.

பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தான். அக்காதான் மாறிப்போனாள். இரவில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். நான்கைந்து முறை எழுந்து அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவன் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் இது நிற்கவில்லை. டெட்டால் வாசனை பட்டால் வாந்தி எடுப்பாள். "பயந்த சுபாவம்" என்றார் அத்தான். பூசாரியிடம் விபூதி போட்டார்கள், தாயத்தும் கட்டினார்கள். நானும் அப்போது அவளைக் கேலி செய்தவன்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

கதை பாரிஸில் தொடங்குகிறது. ஸ்தெஃபான் தார்னியே என்ற பிரசவ மருத்துவர் 1878-இல் அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதே மாதிரி குழந்தைகளுக்கும் ஒன்று செய்யச் சொன்னார். 1880-81 வாக்கில் மட்டர்னிதே ஆஸ்பத்திரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. அடியில் வெந்நீர்த் தொட்டி, மேலே குழந்தைகள், அவ்வளவுதான். 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்த இடத்தில் 38 ஆகக் குறைந்ததாகக் கணக்கு வெளியிட்டார்கள்.

அவருடைய மாணவர் பியேர் புதேன் இன்னொன்றையும் கவனித்தார். குழந்தையைப் பிரித்து வைத்து, பால் கொடுக்கவும் கவனிக்கவும் விடாமல் செய்தால், தாய்க்கு அந்தக் குழந்தையின் மேல் ஒட்டுதலே போய்விடுகிறது என்று 1900-இல் வந்த தம் புத்தகத்தில் எழுதினார். அதனால் தாய்மாரை வரவழைத்துப் பால் கொடுக்க வைத்தார். அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார் மனிதர். ஆனால் உலகம் பெட்டியை எடுத்துக்கொண்டது, அவர் பேச்சை விட்டுவிட்டது.

பெட்டி எங்கே போனது தெரியுமா? பொருட்காட்சிக்கு. மார்ட்டின் கூனி (நம் ராமாயணத்துக் கூனி அல்ல) என்பவர் 1896-இல் பெர்லின் பொருட்காட்சியில் உயிருள்ள குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்டியதாகச் சொல்லிக்கொண்டார். பிறகு அமெரிக்கா போய், நியூயார்க் கோனி ஐலண்ட் கேளிக்கைத் திடலில் 1903 முதல் 1943 வரை இதையே நடத்தினார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். செவிலி தன் மோதிரத்தைக் குழந்தையின் கையில் மாட்டிக் காட்டுவாராம், அவ்வளவு சின்னது என்பதற்காக. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பல ஆஸ்பத்திரிகள் பிழைக்காது என்று கைவிட்ட குழந்தைகளை வாங்கி, பெற்றோரிடம் காசு வாங்காமல், டிக்கெட் பணத்திலேயே வைத்தியம் பார்த்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் பிழைத்திருக்கின்றன. அவருடைய சொந்த மகளும் குறைமாதத்தில் பிறந்தவள். எப்படித் திட்டுவது?

தாய்மாருக்கு அங்கே இலவச அனுமதிச் சீட்டு உண்டு. வரலாம், மற்றவர்களைப் போல வேடிக்கை பார்க்கலாம். பராமரிப்பில் பங்கு இல்லை. குழந்தை தேறிய பிறகு அழைத்துப் போகப் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதே சில சமயம் பெரும்பாடாக இருந்ததாம். புதேன் எச்சரித்தது அதைத்தானே?

பிறகு ஆஸ்பத்திரிகளே குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனி அறை வைத்தன. தொற்றுக்குப் பயந்து தாயை வெளியிலேயே நிறுத்தின. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. மருந்து வந்த பிறகும் கதவு திறக்கவில்லை என்பதுதான் வருத்தம். 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் தாய்மாரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தொற்று அதிகமாகவில்லை. அந்தச் செய்தி நம் பக்கம் வந்து சேர, என் அக்கா போன்ற எத்தனையோ பேர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு கென்னடி சுடப்பட்டது நினைவிருக்கும். அதற்கு மூன்றரை மாதம் முன்னால், 1963 ஆகஸ்ட் 7-இல், அவருக்கு ஒரு மகன் குறைமாதத்தில் பிறந்தான். பெயர் பாட்ரிக். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். நுரையீரல் முதிராததால் 39 மணி நேரத்தில் போய்விட்டான். உயிர் போனது பாஸ்டனில். தாய் ஜாக்குலின் அறுவை சிகிச்சை முடிந்து வேறு ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இறுதிச் சடங்குக்கும் அவரால் வர முடியவில்லை. அதன் பிறகு அந்த நுரையீரல் நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. தாயைப் பற்றிய ஆராய்ச்சி பிடித்ததா என்றால், இல்லை.

ஒன்றிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 1960-இல் கப்லன், மேசன் என்ற இருவர், இந்தத் தாய்மார் குழந்தை உயிரோடு இருக்கும்போதே அதன் சாவுக்கு மனத்தைத் தயார் செய்துகொள்கிறார்கள் என்றார்கள். குழந்தை பிழைத்துவிட்டால் அந்தத் துக்கத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமே! அது எல்லோராலும் முடிவதில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் உட்கார்ந்தேன்.

வியட்நாம் போர் வீரர்கள் இரவில் அலறி எழுந்ததை வைத்து, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார்கள். பி.டி.எஸ்.டி. என்கிறார்களே, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், அதுதான். அதற்கு ஒரு நிபந்தனை: நடந்த சம்பவம் மனித வாழ்வில் வழக்கமாக நடக்காததாக இருக்க வேண்டும். பிரசவம் வழக்கமாக நடப்பதுதானே? எனவே தாய்மார் அந்தக் கணக்கில் வருவது கஷ்டம். 1994-இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தாய்மாரிடமும் அதே அடையாளங்கள் இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் வரிசையாக வந்தன. அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் மைக்கேல் ஹைனன் என்ற உளவியல் பேராசிரியர். குறைமாதக் குழந்தைக்குத் தகப்பன் அவர். ஏட்டில் மட்டும் படித்ததல்ல. அவரும் சேர்ந்து உருவாக்கிய கேள்வித்தாளில் 14 கேள்விகள்.

கதவு திறந்த கதை வேறு மாதிரி. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் நெஞ்சிலேயே கட்டிவிட்டார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. இல்லாமையில் பிறந்த வைத்தியம். 2021-இல் டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு முடிவு வெளியானது. உடல்நிலை சீராகும் வரை பிரித்து வைத்திருந்த குழந்தைகளில் நூற்றுக்கு 15.7 பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். பிறந்த உடனேயே தாயோடு சேர்த்தவர்களில் 12. இப்போது உலக சுகாதார நிறுவனமே இதைச் சொல்கிறது. ஆக, தாயை வெளியே நிறுத்தியது குழந்தைக்கும் நல்லதாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கேள்வித்தாளைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கெட்ட கனவு வந்ததா, திடீர் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டதா, அந்த நாளை நினைவூட்டும் இடத்துக்குப் போகாமல் தவிர்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலாவது கேள்வியில் நிமிர்ந்தாள்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா? அத்தான் சொன்னாரா?"

அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இது புத்தகத்தில் உள்ளது, எல்லாத் தாய்மாரிடமும் கேட்பது என்றேன். நம்பவில்லை, காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுத் தானே படித்தாள். குற்ற உணர்ச்சி பற்றிய கேள்விக்கு வந்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். கீரையை அலசி, அடுப்பில் ஏற்றி, மூடி போட்டாள்.

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு ரெண்டே ரெண்டு குடம்தாண்டா எடுத்தேன்."