குப்பைக்கு அடிச்ச யோகம்

முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில டெஸ்டர்களுக்கு எத்தனை பக் பிடிக்கிறாங்களோ அதை வச்சுத்தான் அப்ரைசல். ஒரே மாசத்துல பக் எண்ணிக்கை எகிறிடுச்சு. ஒரு தப்பை நாலாப் பிரிச்சு எழுதினா எகிறாதா பின்னே? சாஃப்ட்வேர் மட்டும் அப்படியேதான் இருந்தது :-)

பூமி சூடாவதைத் தடுக்கப் போட்ட திட்டத்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது.

1997ல் உருவான கியோட்டோ ஒப்பந்தம் 2005ல் அமலுக்கு வந்தது. அதில் ஒரு வசதி உண்டு. வளரும் நாடுகளில் புகையைக் குறைத்தால், டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட். பணக்கார நாடுகள் அதைக் காசு கொடுத்து வாங்கி, தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கேட்க நல்லாத்தானே இருக்கு?

சிக்கல் ஒரு கழிவு வாயுவில் வந்தது. ஏசிக்கான ஹெச்.சி.எஃப்.சி-22 தயாரிக்கும்போது ஹெச்.எஃப்.சி-23 கழிவாக வரும். இது ஒரு டன், கரியமில வாயு 11,700 டன்னுக்குச் சமம் என்பது அப்போதைய கணக்கு. அதாவது ஒரு டன் எரிச்சா 11,700 கிரெடிட்! எரிக்கும் செலவோ சொற்பம்.

மொத்தம் 19 ஆலைகள், பெரும்பாலும் சீனாவிலும் நம்மூரிலும். மைக்கேல் வாரா 2007ல் 'நேச்சர்' இதழில் கணக்குப் போட்டார். கிரெடிட்டுகளின் மதிப்பு 470 கோடி யூரோ வரை போகும். எரிக்க 10 கோடி யூரோவே போதும். ஏசி வாயுவை விற்று வருவதைவிடக் கழிவில் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருமானம்.

அப்புறம் என்ன, கிரெடிட் கிடைக்காத காலத்தில் சில ஆலைகளில் கழிவு குறைவாகவும், கிடைக்கும்போது அதிகமாகவும் வந்தது தெரிய வந்தது. 2013 மே மாதம் முதல் ஐரோப்பிய யூனியன் இந்த கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது.

திட்டமே வேஸ்ட்டுன்னும் சொல்லிட முடியாது. நிஜமாவே எரிச்சாங்க. 2006க்கும் 2009க்கும் நடுவில் காற்றில் கலக்கும் அளவு குறைந்தது. ஆனா காசு கொடுக்காமலே, சட்டம் போட்டே இதைச் செய்திருக்கலாம். 2016 அக்டோபரில் இந்தியா அதைத்தான் செய்தது: சொந்தச் செலவில் எரிக்கச் சொல்லி ஆலைகளுக்கு உத்தரவு.

கதை அதோடு முடியலை. இந்தியாவும் சீனாவும் கொடுத்த குறைப்புக் கணக்குப்படி, 2018ல் உலகம் முழுக்க வெளியானது சுமார் 2,400 டன்னாக இருக்க வேண்டும். காற்றை அளந்து பார்த்தால் சுமார் 15,900 டன், அதுவரை இல்லாத உச்சம்! 2020ல் வெளியான ஆய்வு இது.

பக் ரிப்போர்ட்டை எண்ணாம, சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்கணும்னு அன்னைக்கு எங்க மேனேஜருக்குத் தோணலை. இங்கே நல்லவேளை, காற்றை அளந்து பார்க்கச் சிலருக்குத் தோணியிருக்கு.