ஊதா எண்ணெயும் இரண்டு கைகளும்

வெட்பாலை இலையைக் கத்தி படாமல் கையால் கிழித்துத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் ஊதாவாகிவிடும். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்லும் சொரியாசிஸுக்குத் தமிழ்நாட்டில் பூசுவது இதைத்தான். (நமது இலங்கைக் காட்டில் பழம் பறித்துத் தின்கிற பாலை வேறு மரம். அதன் இலையைப் போட்டால் இந்த எண்ணெய் வராது.)

சாகாமத்தில் பரிகாரியாக இருந்த என் மூத்தவாப்பா இந்த எண்ணெயைக் கண்டதில்லை. குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களும் கடற்கரைப் பக்கத்து ஆட்களும் கரப்பன், படை, சொறி என்று அவரிடம் வருவார்கள். வேறு எண்ணெய் கொடுப்பார், இறாலும் கருவாடும் கத்தரிக்காயும் விலக்கச் சொல்வார். சுகமானால் அல்லாஹ் தந்த சுகம் என்பார். சுகமாகாவிட்டால் பத்தியம் தவறியிருக்கும் என்று வீட்டார் சொல்லிக்கொள்வார்கள். அவர் கைராசியை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் சொரியாசிஸ் தானாகக் கூடித் தானாகத் தணிகிற நோய். தணிகிற காலத்தில் பூசிய எண்ணெய்க்கெல்லாம் பெயர் கிடைத்துவிடும். எத்தனை பேரைச் சுகப்படுத்திய பரிகாரியானாலும் எண்ணெயால் தணிந்ததா, தானாகத் தணிந்ததா என்று தன் நினைவை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

நாட்டு மருந்து சோதனைக்குப் போய் நிலைத்த கதை பழையது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் படைக்குக் கோவாத் தூள் என்றொன்றைப் பூசினார்கள். அது பிரேசில் மரமொன்றின் தூள், போர்த்துக்கேயர் வழியாக வந்தது. 1870களில் லண்டன் தோல் வைத்தியர் பால்மானோ ஸ்குவயர் அதைச் சொரியாசிஸுக்குப் பூசிப் பார்த்தார். அதன் சாரமான கிரைசரோபினுக்குப் பதிலாக 1916இல் ஜெர்மனியில் செய்த டித்ரனோல் இன்றும் மருந்தாக இருக்கிறது. தோலிலும் துணியிலும் கறை பிடிக்கும் என்பது அப்போதும் குறை, இப்போதும் குறை.

ஊதா எண்ணெயைச் சென்னையில் மத்திய அரசின் சித்த ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளிடம் சோதித்தார்கள். 777 எண்ணெய் என்ற பெயரில் அது கடைக்கும் வந்தது. என்றாலும் என்னை அதிகம் கவர்ந்தது 2008இல் வெளியான தாய்வான் ஆய்வு. லின் யின்-கு என்ற மருத்துவர், சீனர்கள் சிங் தாய் என்று சொல்லும் அவுரி வகை நீலப் பொடியைக் களிம்பாக்கி, வேறு மருந்துக்கு மசியாத 42 நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஒரே ஆளின் உடம்பில் ஒரு படைக்கு நீலக் களிம்பு, இன்னொரு படைக்கு மருந்தில்லாத களிம்பு. 12 வாரம். எந்தப் பக்கம் எது என்று மதிப்பிடுகிறவருக்குச் சொல்லவில்லை. 31 பேருக்கு நீலம் பூசிய பக்கம் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ தெளிந்தது. பத்தியம், வெயில், கவலை எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே! வித்தியாசம் களிம்பில்தான் இருக்க வேண்டும்.

அந்த நீலப் பொடியில் வேலை செய்வது இண்டிரூபின் என்கிறார்கள். வெட்பாலை இலையிலிருந்தும் இண்டிரூபினைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர் வைத்தியர்கள் ஒரே பொருளைத் தொட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது மூத்தவாப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நமது நாட்டில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் சேர்த்தே அங்கீகரித்தது. அடுத்த ஆண்டே நாவின்னவில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் வந்தது. சாகாமத்திலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பரிகாரி வீடுகளில் இருக்கும் எண்ணெய்களையும் தாய்வானில் செய்ததுபோல ஒரு கைக்கு மருந்து, மறு கைக்கு வெறும் எண்ணெய் என்று பூசிப் பார்க்க வேண்டும். காய்ச்சுகிற கைகள் ஓய்வதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும்.

சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 1999இல் லண்டனில் மூலிகைக் களிம்பு என்று கொடுத்த 11 சீனக் களிம்புகளைப் பரிசோதித்தபோது 8இல் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் கலந்திருந்தது. குழந்தையின் கரப்பனை இரண்டே நாளில் மறைய வைக்கும் பெயரில்லாத களிம்பு யார் தந்தாலும், உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டுவிட்டுப் பூசுங்கள்.