பார்த்துக் கத்துக்கோ!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்த விஷயம் இது. கொஞ்சம் சொந்தக் கதை, மிச்சம் அமெரிக்கக் கதை. பொறுமையா படிங்க.

டிகிரி முடிச்சு வேலை கிடைக்காம சுத்திட்டிருந்த சமயத்துல, எங்க ஊர்ல ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில சேல்ஸ்மேனா சேர்ந்தேன். எனக்குக் கிடைச்ச மொத்த ட்ரெய்னிங்கும் ஒரே வரிதான்: "பார்த்துக் கத்துக்கோ தம்பி." யாரைப் பார்க்கிறது? என்கூட நின்ன பையன் சேர்ந்தே 11 நாள்தான் ஆகியிருந்தது. ரெண்டாவது வாரம் ஒரு பெரியவர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் கேட்டார். நான் ஃப்ரிட்ஜுக்குப் போடுறதை எடுத்துக் கொடுத்துட்டேன். மூணே நாள்ல கருகின பெட்டியோட வந்து நின்னார். திட்டக்கூட இல்லை. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். முதலாளி அந்தக் காசை என் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டார்.

அப்போ எல்லாத்துக்கும் என் மேலதான் தப்புன்னு நினைச்சேன். பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சது, இது நூறு வருஷத்துக்கு மேலான பழைய பஞ்சாயத்து.

1905-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் லூசிண்டா பிரின்ஸ் என்ற பெண்மணி, கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பெண்களுக்காக ஒரு வகுப்பு ஆரம்பித்தார். துணி வகைகள், நிறப் பொருத்தம், கடைக் கணக்கு, உடல்நலம், வாடிக்கையாளரிடம் பேசும் விதம் எல்லாம் பாடம். அவர் கண்டுபிடித்தது ரொம்ப எளிமையான விஷயம்: இந்தப் பெண்களுக்குச் சம்பளம் குறைவு, காரணம், அவங்களுக்குத் தொழில் தெரியாதுன்னு முதலாளிகள் சொல்றாங்க. தொழில் தெரியாததுக்குக் காரணம், யாருமே சொல்லிக் கொடுக்கலை! அந்தப் பள்ளி பின்னாளில் சிம்மன்ஸ் கல்லூரியோடு இணைந்தது.

அரசாங்கத்துக்கு இது உறைக்க இன்னும் நாளாச்சு. 1917-ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் விவசாயம், தொழிற்சாலை வேலை, வீட்டு நிர்வாகம் ஆகிய படிப்புகளுக்கு மத்திய அரசுப் பணம் கொடுத்தது. கடை வேலை பட்டியலில் இல்லை. 1936-ல் ஜார்ஜ்-டீன் சட்டம் வந்த பிறகுதான் விற்பனைத் தொழில் படிப்புக்கும் பணம் ஒதுக்கினார்கள்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு காற்று அடித்தது. 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். கவுண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது, நாமே கூடையில் எடுத்துக்கணும். அடுத்த வருஷமே அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கிட்டார். உப்பு, சோப்புக்கு இது சரி. அதுக்கெல்லாம் யார் விளக்கம் சொல்லணும்? ஆனா 'ஆள் குறைஞ்சா லாபம்' என்கிற கணக்கு, விளக்கம் தேவைப்படுற பொருளை விற்கிற கடைகளுக்கும் போச்சு. அங்கேதான் வினை.

இப்போ சர்க்யூட் சிட்டி கதைக்கு வருவோம். 1949-ல் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் ஒரு சின்ன டிவி கடையாகத் தொடங்கி, நாடு முழுக்கக் கிளை பரப்பிய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். 2003-ல் கமிஷன் முறையை எடுத்துவிட்டு, சுமார் 3,900 விற்பனையாளர்களை அனுப்பினார்கள். 2007 மார்ச்சில் இன்னும் 3,400 பேர். இவங்க செய்த தப்பு? சந்தை நிலவரத்தைவிட அதிகமா சம்பளம் வாங்கினது. அதாவது, அனுபவசாலிகள்! வேணும்னா 10 வாரம் கழிச்சு, குறைஞ்ச சம்பளத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் உச்சம்.

2008 நவம்பரில் திவால் மனு. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடியாச்சு. ஆட்களை அனுப்பினதால மட்டும்தான் மூழ்கினதுன்னு சொல்ல மாட்டேன். பொருளாதார மந்தம் இருந்தது, பெஸ்ட் பை போட்டி இருந்தது. ஆனா போட்டி கழுத்தை நெரிக்கிற நேரத்துல, எந்த டிவி எந்த வீட்டுக்குப் பொருந்தும்னு தெரிஞ்ச ஆட்களைத்தான் இவங்க வெளியே அனுப்பினாங்க.

இதில் எனக்கு உறைச்சது வேற ஒண்ணு. 'பார்த்துக் கத்துக்கோ' மோசமான முறையே இல்லை. நம்ம ஊர் பலசரக்குக் கடைகளில் பையன்கள் அப்படித்தானே வளர்ந்தாங்க? முதல்ல பொட்டலம் மடிக்கணும், அப்புறம் தராசு, அப்புறம் கணக்கு, எல்லாம் தேறினப்புறம்தான் கல்லா. வகுப்பு, புத்தகம் எதுவும் கிடையாது. ஆனா பக்கத்துல இருபது வருஷம் நின்ன ஒரு அண்ணாச்சி இருந்தார். பையன் தப்பா நிறுத்தா மண்டையில ஒரு குட்டு விழும், கூடவே சரியானதும் காதுல விழும்.

அந்த அண்ணாச்சியைச் செலவுக் கணக்குல எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டு, புதுப் பையனிடம் 'பார்த்துக் கத்துக்கோ'ன்னா அவன் சுவரையா பார்ப்பான்?

அடுத்த தடவை கடையில ஒரு பையன் திருதிருன்னு முழிச்சா, மேனேஜரைக் கூப்பிட்டுக் கத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அவனுக்குச் சொல்லித் தர வேண்டியவர் அங்கே இல்லாமல் போயிருக்கலாம். அந்தப் பெரியவர் என்னைத் திட்டாம விட்டார். அந்தக் கடனை வேற எப்படி அடைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.