திறந்த அணுக்க ஆய்விதழ்களும் சக மதிப்பாய்வும்: கோவை வட்டாரம்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அதே துறை அறிந்த வேறு சிலர் படித்து, வெளியிடலாமா, திருத்தச் சொல்லலாமா, தள்ளலாமா என்று கருத்துரைப்பது சக மதிப்பாய்வு. வெளியானதை எவரும் சந்தா கட்டாமல் படிக்கலாம் என்பது திறந்த அணுக்கம். திறந்த அணுக்கத்தைக் கோரிய 2002 புடாபெஸ்ட் அறிக்கைக்குப் பின் அது வேகமாகப் பரவியது. சந்தா நின்றதும் செலவு யார் தலையில் என்ற கேள்வி வந்தது. பல இதழ்கள் கட்டுரை எழுதியவரிடமே வாங்கின. கட்டுரையை ஏற்றால்தான் காசு என்றானபின், மதிப்பாய்வு உண்மையிலேயே நடந்ததா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

கோவைக்கு ஆய்விதழ் புதிதல்ல. வேளாண் கல்லூரி மாணவர் சங்கம் தொடங்கிய ‘மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்’ நூறாண்டைக் கடந்தது. திறந்த அணுக்கத்தில் இந்த ஊரின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனதோ பல்கலைக்கழகம் எதுவும் அல்ல, ஒரு தொண்டு நிறுவனம். சாலி வாக்கர் 1985இல் மைசூரில் தொடங்கிப் பின்னர் கோவைக்குக் கொண்டுவந்த ‘சூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்’, உயிரியல் பூங்காக்களுக்காக ‘சூஸ் பிரிண்ட்’ என்ற இதழை நடத்தியது. அதன் ஆய்வுப் பகுதி ‘சூஸ் பிரிண்ட் ஜர்னல்’ ஆகி, 2009 ஜனவரியில் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்சா’ என்று பெயர் மாறியது. இதழைத் தொடங்கிய ஆசிரியர் சஞ்சய் மொளூர். படிப்பவரிடமும் கட்டணமில்லை, எழுதுபவரிடமும் கட்டணமில்லை என்பது அதன் கொள்கை.

இந்த இதழின் கட்டுரை ஒன்றைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கைப்பிரதி எண், வந்து சேர்ந்த நாள், இறுதியாக ஏற்ற நாள், வெளியான நாள், கையாண்ட ஆசிரியர் பெயர் எல்லாம் இருக்கும். சிலவற்றில் ஆசிரியர் பெயருக்குப் பதில் ‘பெயர் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார்’ என்ற குறிப்பு நிற்கும். அது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் ஒரு கட்டுரை எத்தனை மாதம் பரிசீலனையில் கிடந்தது என்பதை வாசகரே கணக்கிட்டுவிடலாம். இவ்விதழின் துறைகளில் ஒன்றான வகைப்பாட்டியலில் இது சிறிய விஷயமல்ல. புது உயிரினத்துக்குப் பெயரிட விலங்குப் பெயரீட்டு விதித்தொகுப்பு சக மதிப்பாய்வைக் கோருவதில்லை; அரைகுறையாக வெளியான பெயரும் விதிப்படி இருந்தால் செல்லும், பின்வரும் ஆய்வாளர்கள் அதைச் சுமந்தே ஆகவேண்டும். ஆகவே, தடுக்க வேண்டிய இடம் இதழாசிரியர் மேசைதான்.

இந்த இதழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் கட்டுரை வெளியீட்டுச் சந்தை ஒன்றும் வளர்ந்தது. ஆய்வேடு தருமுன் மதிப்பாய்வு இதழில் ஒரு கட்டுரையாவது வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதி. ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கு மதிப்பெண் என்றது 2010 விதி. கோவையிலிருந்து ஈரோடு, நாமக்கல் வரை கல்லூரிகள் நெருக்கமாக உள்ள வட்டாரத்தில் ‘பேப்பர் போட்டாச்சா?’ என்பது ஆசிரியர் அறையின் அன்றாடக் கேள்வியானது. சில நாளில் ஏற்பு, பணம் கட்டினால் வெளியீடு என்று மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன.

இந்தச் சந்தையின் அளவு 2013இல் வெளிப்பட்டது. ‘சயின்ஸ்’ இதழுக்காகச் செய்தியாளர் ஜான் பொஹானன், வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றன. இந்தியாவைத் தளமாகக் கொண்டவற்றில் 64 ஏற்றன, 15 மட்டுமே மறுத்தன. திறந்த அணுக்கமே குற்றவாளி என்று இதிலிருந்து முடிவு கட்டியவர்கள் உண்டு. ஆனால் சந்தா இதழ்களுக்கு அவர் அந்தக் கட்டுரையை அனுப்பவேயில்லை. ஒப்பிட வழியில்லாத சோதனை அது.

மானியக் குழு 2017இல் அங்கீகரித்த இதழ்ப் பட்டியல் வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களில் 1,009ஐ ஆராய்ந்து, 88 சதவீதத்துக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று ‘கரண்ட் சயின்ஸ்’ 2018இல் எழுதியது. அந்த மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலுக்குப் பதிலாக ‘கேர்’ என்ற புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதைக் கைவிட்டன. 2025 பிப்ரவரியில் ‘கேர்’ பட்டியலையே நிறுத்துவதாகக் குழு அறிவித்தது. இப்போது யோசனையாகச் சில அளவுகோல்கள் மட்டும் உண்டு. இதழைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்ல வேண்டியது அந்தந்தக் கல்லூரி.