மாண்பின்றி: பிரவுன்ஸ்வில் வீரர்களின் பணிப்பதிவு திருத்தப்பட்ட வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் திங்களில் மாற்றுச் சான்றிதழ்களில் கையொப்பம் இடும்போது, 'நடத்தை' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதிச் செல்வது கல்லூரிகளில் நாம் அனைவரும் செய்வதே. பெரும்பாலும் அதனை எண்ணிப் பார்த்து எழுதுவதில்லை. அக்கட்டத்தில் வேறொரு சொல்லை எழுதிவிட்டால் அம்மாணவனின் வாழ்வு எத்திசையில் திரும்பும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவரின் தந்தை பெயரில் ஓரெழுத்து பிழையாகிப்போக, அதனைத் திருத்துவதற்கு அவர் ஓர் அலுவலகத்திற்குப் பதினான்கு முறை நடந்தார். ஓரெழுத்துக்கே இந்தப் பாடு. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களின் ஏட்டில் ஒரு நாட்டின் தலைவரே பிழையான சொல்லை எழுதுவித்து, அது 66 ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

களம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரவுன்ஸ்வில் என்னும் ஊர். ஆண்டு 1906. அவ்வூரின் பிரவுன் கோட்டைக்கு ஜூலை இறுதியில், நெப்ராஸ்காவின் நயோபிராரா கோட்டையிலிருந்து 25ஆம் காலாட்படையின் மூன்று கம்பெனிகள் வந்து சேர்ந்தன. வீரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். அக்காலப் படை அமைப்பே அவ்வாறுதான் இருந்தது. ஊரார் அவர்கள் வருகையை விரும்பவில்லை. கடைகளிலும் தெருக்களிலும் பூசல்கள் எழுந்தன. ஆகஸ்டு 13ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி ஊருக்குள் சில நிமிடங்கள் துப்பாக்கிகள் முழங்கின. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் மாண்டார். காவல் அதிகாரி ஒருவர் குண்டடிபட்டுக் கையை இழந்தார்.

சுட்டவர்கள் படைவீரர்களே என்றனர் ஊரார். தெருவில் கிடந்தனவென்று படைத்துறைத் தோட்டா உறைகளைச் சான்றாகக் கொணர்ந்தனர். ஆனால் அன்றிரவே பெயரழைத்துப் பார்த்தபோது வீரர்கள் தத்தம் இடங்களில் இருந்தனர் என்பது பதிவாகியிருந்தது. மறுநாட் காலையில் துப்பாக்கிகளைச் சோதித்தபோது அவை சுடப்பட்டதற்கான அடையாளம் காணப்படவில்லை. டெக்சாஸின் பெருநடுவர் குழுவே எவர்மீதும் குற்றம் சாட்டவில்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆயினும் படைத்துறை விசாரணை வேறொரு வழியில் சென்றது. 'யார் சுட்டது என்று சொல்லுங்கள்' என்று வீரர்களைக் கேட்டனர். அவர்கள் 'அறியோம்' என்றனர். அறியோம் என்பதையே குற்றமாகக் கொண்டார் தலைமை ஆய்வாளர் கார்லிங்டன். அறிந்தும் மறைக்கின்றனர், மௌனத்தால் சதி செய்கின்றனர் என்பது அவர் முடிபு. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காமை குற்றம் எனின், காட்டிக்கொடுக்க எவருமே இல்லாத நிலையில் ஒருவன் எவ்வாறு தன்னைக் காப்பாற்றிக்கொள்வான்? இவ்வினாவை அன்று அதிகாரத்தில் இருந்தோர் எழுப்பவில்லை.

குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரையும் படையிலிருந்து நீக்க ஆணையிட்டார். அவ்வாணை நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு முடியும் வரை வெளியிடப்படவில்லை. கறுப்பின வாக்காளர்கள் அக்காலத்தில் ரூஸ்வெல்ட்டின் குடியரசுக் கட்சியையே பெரிதும் ஆதரித்து வந்தனர் என்பதை அறிந்தோர்க்கு இத்தாமதத்தின் பொருள் விளங்கும்.

இங்கே ஒரு சொல்லாய்வு இன்றியமையாதது. அவ்வீரர்களுக்கு வழங்கப்பட்டது 'மாண்பிழந்த விடுப்பு' அன்று; 'மாண்பின்றி விடுப்பு'. இரண்டும் ஒன்றெனத் தோன்றும். பின்னாளில் எழுதியோர் பலரும் இவ்விரண்டையும் குழப்பியுள்ளனர். மாண்பிழந்த விடுப்பு என்பது படைத்துறை நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளித்த பின்னரே தரப்படுவது. மாண்பின்றி விடுப்போ நிர்வாக ஆணை ஒன்றினாலேயே தரத்தக்கது. குற்றப் பத்திரிகை, சாட்சி, வழக்குரைஞர் எதுவும் வேண்டா. இழந்தது என்று சொன்னால் எவ்வாறு இழந்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும். இன்றி என்று எழுதினால் அதற்கும் தேவையில்லை. இலக்கண வகுப்பில் இன்மைக்கும் இழப்புக்கும் வேறுபாடு கற்பிக்கும் நமக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பெயரளவில் தண்டனை அன்று என்றாலும் விளைவு தண்டனையே: ஓய்வூதியம் இல்லை, மீண்டும் படையிற் சேர இயலாது, அரசின் குடிமைப் பணிகளிலும் இடமில்லை.

நீக்கப்பட்டோருள் மிங்கோ சாண்டர்ஸ் என்ற முதுநிலை சார்ஜண்ட் ஒருவர். கால் நூற்றாண்டுப் பணி. 1898இல் கியூபாப் போரில் ரூஸ்வெல்ட்டின் பசித்த படையினரோடு தம் வீரர்களின் உலர் ரொட்டியைப் பகிர்ந்துகொண்டவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். ஓய்வூதியத்திற்குச் சிறிது காலமே எஞ்சியிருந்த நிலையில் அவரும் வெறுங்கையராய் வெளியேறினார்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. மேரி சர்ச் டெரல் என்னும் அம்மையார் போர்த்துறைச் செயலர் டாஃப்ட்டை நேரிற் கண்டு முறையிட, அவர் ஆணையைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தார், ரூஸ்வெல்ட் இசையவில்லை. ஒஹையோவின் செனட்டர் ஜோசப் ஃபோரேக்கர் தம் சொந்தக் கட்சித் தலைவரையே எதிர்த்துச் செனட் அவையில் விசாரணை கோரினார். 1907, 1908 ஆண்டுகளில் நடந்த அவ்விசாரணையில் தோட்டா உறைகளைப் பற்றிய ஐயம் வலுத்தது. அவை நயோபிராராவில் பயிற்சியின்போது சுடப்பட்டு, பெட்டியில் இட்டு உடன் கொண்டுவரப்பட்ட பழைய உறைகளாக இருக்கலாம் என்பதற்குச் சான்றுகள் வெளிப்பட்டன. ஆயினும் குழுவின் பெரும்பான்மையினர் ரூஸ்வெல்ட் பக்கமே நின்றனர். பின்னர் அமைந்த படைத்துறை விசாரணை மன்றம் 1910இல் 14 பேர் மட்டும் மீண்டும் சேரத் தகுதியுடையர் என்றது. அந்தப் பதினால்வர் ஏன், மற்றையோர் ஏன் அல்லர் என்பதற்கு அம்மன்றம் விளக்கம் தரவில்லை. ரூஸ்வெல்ட் 1913இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பிரவுன்ஸ்வில் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இனி, ஏட்டைத் திருத்தும் வழி அந்நாட்டில் எவ்வாறு இருந்தது என்று பார்ப்போம். நெடுங்காலம் ஒரே வழிதான்: நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்துத் தன் ஒருவனுக்காகத் தனிச்சட்டம் இயற்றுவித்தல். அடிமையாகப் பிறந்து, 1877இல் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஹென்றி ஃபிளிப்பர். பணக் கையாடல் வழக்கில் விடுவிக்கப்பட்டும், அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி 1882இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1898 முதல் தனிச்சட்டங்களுக்காக மன்றாடினார். ஒன்றும் நிறைவேறவில்லை, 1940இல் மறைந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்து ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சீருடை அணிந்து திரும்பியபோது தனிச்சட்ட முறை தாங்கவில்லை. அப்போரில் 'நீல விடுப்பு' என்றொன்று வழங்கிற்று. நீலத்தாளில் அச்சிடப்பட்டதால் அப்பெயர். அதுவும் விசாரணையின்றித் தரப்பட்டதே. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை வழங்கிய 48,603 நீல விடுப்புகளில் 10,806 கறுப்பினத்தவர்க்குச் சென்றன. ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேல். படையில் அவர்கள் விழுக்காடோ ஏழுக்கும் குறைவு. தாளின் நிறத்தைக் கண்டே வேலை மறுத்தனர் முதலாளிகள்.

1944ஆம் ஆண்டுச் சட்டம் விடுப்பு மறுஆய்வுக் குழுக்களை அமைத்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் தனிச்சட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்து, குடிமக்களைக் கொண்ட திருத்தக் குழு வாயிலாக ஏட்டைத் திருத்தும் அதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்களுக்கு வழங்கிற்று. 'பிழை அல்லது அநீதி' இருப்பின் திருத்தலாம் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. இவ்விரு சொற்களையும் 'அல்லது' பிரிப்பதைக் கவனிக்க வேண்டும். விதிப்படி எழுதப்பட்டதே ஆயினும் அநீதியானது எனின் திருத்தலாம். பிழையை அறிந்த மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அவ்வரம்பைத் தளர்த்தவும் இடமுண்டு. வீரர் மறைந்த பின் அவர் வழியினரும் விண்ணப்பிக்கலாம். அவ்வழியில்தான் 1976இல், மறைந்து 36 ஆண்டுகள் கழிந்து, ஃபிளிப்பரின் விடுப்பு மாண்புடையதாக மாற்றப்பட்டது. தீர்ப்பையே நீக்க அக்குழுவிற்கு அதிகாரம் இல்லை; அதற்கு 1999இல் கிளின்டன் அளித்த மன்னிப்பு வேண்டியிருந்தது.

பிரவுன்ஸ்வில் வீரர்களுக்காக விண்ணப்பிக்க எவரும் இல்லை. ஜான் வீவர் என்னும் எழுத்தாளர் 1970இல் அவர்கள் வரலாற்றை நூலாக எழுதினார். அதன் பின்னர்க் கலிபோர்னிய உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். 1972 செப்டம்பரில் தரைப்படைச் செயலர் ராபர்ட் ஃபிரோல்கி 167 பேரின் விடுப்பையும் மாண்புடையதென மாற்ற ஆணையிட்டார். புதிய சான்று கிடைத்ததால் அன்று. கூட்டாகத் தண்டிப்பது பெரும் அநீதி என்பதே கூறப்பட்ட காரணம். ஏறத்தாழ அனைவரும் அதற்குள் மாண்டுவிட்டனர். பின்னிட்ட ஊதியமும் இல்லை என்றது படைத்துறை.

மினியாபொலிஸ் நகரில் டார்சி வில்லிஸ் உயிரோடிருந்தார். இருபது அகவையில் நீக்கப்பட்டவர். முடிதிருத்தும் கடையொன்றில் காலணி துடைத்தும் தரை பெருக்கியும் 59 ஆண்டுகள் உழைத்தவர். 1973 பிப்ரவரியில், தம் 87ஆம் பிறந்தநாளில், அந்நகரின் தேவாலயம் ஒன்றில் படைத்தளபதி ஒருவரின் கையிலிருந்து புதிய விடுப்புத் தாளைப் பெற்றார். பின்னர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு 1974 ஜனவரியில் 25,000 டாலர் வழங்கப்பட்டது. 1946இல் கைவிடப்பட்ட தனிச்சட்ட முறையை நினைவூட்டும் வகையில் இதற்கும் சட்டமே தேவைப்பட்டது என்பது சுவையான முரண்.

இடையில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் படைத்துறை ஆவணக் காப்பகம் தீப்பற்றி, 160 முதல் 180 இலட்சம் வரையிலான ஏடுகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் விடுப்புப் பெற்ற தரைப்படையினரின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது சாம்பலாயின. வான்படையில் ஒரு காலப் பகுதியைச் சேர்ந்தோரின் ஏடுகள் அகர வரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் முக்காற்பங்கு அழிந்தன. படி எடுத்து வைக்கும் வழக்கம் அன்று இல்லை. பின்னர் விண்ணப்பித்த முதியவர்கள் பலர் தம் ஏட்டில் பிழை உண்டு என்று காட்டுமுன், ஏடு ஒன்று இருந்தது என்பதையே ஊதியச் சீட்டு முதலியவற்றைக் கொண்டு நிறுவ வேண்டியதாயிற்று.

டார்சி வில்லிஸ் 1977இல் மறைந்து, ஸ்னெலிங் கோட்டைத் தேசியக் கல்லறையில் படைத்துறை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். பிரவுன்ஸ்வில்லில் அன்றிரவு சுட்டவர் யார் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை.