கொந்தகைத் தாழியில் எந்த எலும்பு மிஞ்சியது?

தேனி ரோட்டில் எங்க நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனா மதுரை காமராசர் பல்கலைக்கழகம். கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகள் மரபணு ஆய்வுக்கு வந்தது இங்கேதான். கொந்தகை ஊருக்கு அந்தப் பக்கம், மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடியை ஒட்டி இருக்கு. கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடு அது என்பது ஆய்வாளர்கள் கருத்து. 2020-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆறாம் கட்ட அகழாய்வில் அங்கே குழி போட்டது. அந்த வருஷமே ஒரு குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்தது.

மதுரைக்காரங்களுக்குத் தாழி ஒண்ணும் புதுசில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அலெக்ஸாண்டர் ரீ பரவையிலும் அனுப்பானடியிலும் முதுமக்கள் தாழிகளைப் பார்த்து எழுதியிருக்கார். பழங்காநத்தம் கோவலன் பொட்டலிலும் தாழிகள் கிடைத்தன. ஆனா அப்பல்லாம் பேச்சு பானையைப் பத்தியும் கருப்பு சிவப்பு ஓட்டைப் பத்தியும்தான். உள்ளே இருந்த ஆளைப் பத்தி ரெண்டு வரி இருந்தா அதிகம்.

மனுஷ உடம்பில் 206 எலும்பு. தாழியில் அத்தனையும் இருப்பது அரிது. இதுக்கு ரெண்டு காரணம்.

முதல் காரணம், போட்டவங்களே எல்லாத்தையும் போடலை. சில தாழிகளில் உடலை அப்படியே உட்கார வைத்தாங்க. வேறு சிலதில், உடல் வேறெங்கோ மக்கிய பிறகு எலும்பைப் பொறுக்கி வைத்தாங்க. அப்படி வைக்கும்போது பெரும்பாலும் மண்டையோடும் கை கால் நீள எலும்புகளும்தான். எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. அப்பாவுக்குக் காடாத்தின அன்னைக்கு, சுடுகாட்டில் வேலை பார்த்த பெரியவர் சாம்பலைக் கிளறி, "இது தொடை, இது தலைப் பக்கம், எடுங்க தம்பி"ன்னு வரிசையாக் காட்டினார். எதை எடுக்கணும், எதை விட்டுடலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

ரெண்டாவது காரணம் எலும்போட வேலை. உயிரோட இருக்கும்போது அது என்ன வேலை பார்த்ததோ, அதுக்கேத்த மாதிரிதான் மண்ணுக்குள் அதன் ஆயுசும். தொடை எலும்பு நீள எலும்பு. உடம்பு பாரத்தைத் தாங்கி, நடக்கும்போது நெம்புகோல் மாதிரி வேலை செய்யணும். அதனால் அதன் தண்டுப் பகுதியில் கெட்டியான சுவர் இருக்கு. மண் அதை அரிக்க நாளாகும். முதுகெலும்புக் கண்ணிகளும் பாரம் தாங்குறவைதான். ஆனா அதிர்ச்சியை வாங்கிக்கணும், எடையும் குறைவா இருக்கணும். அதனால் உள்ளே பஞ்சு மாதிரி துளைகள், மேலே மெல்லிய ஓடு. ரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜை அந்தத் துளைகளில்தான் இருக்கு. மழைத் தண்ணியும் மண்ணும் உள்ளே புகுறதும் அதே துளைகள் வழியாத்தான். விலா எலும்பு தட்டை, மெலிசு; நொறுங்கிடும். மணிக்கட்டில் பக்கத்துக்கு எட்டு குட்டை எலும்பு. எலும்பைப் பொறுக்குறவங்க கைக்குத் தப்புறது பெரும்பாலும் இதுகள்தான். தசைநாணுக்குள்ளேயே வளரும் முழங்கால் சில்லும் அப்படித்தான்.

இடுப்பெலும்பு விஷயம்தான் வருத்தமானது. பிரசவத்துக்குத் தோதாகப் பெண்ணின் இடுப்பு அகலமா இருக்கும். ஆணா பெண்ணான்னு சொல்ல அதைவிட நல்ல சாட்சி எலும்புக்கூட்டில் இல்லை. ஆனா அதன் முன்பக்கப் பகுதிதான் சீக்கிரம் உடையும். அது இல்லாதப்போ மண்டையோட்டின் புருவ மேட்டையும் காதுக்குப் பின்னாலுள்ள புடைப்பையும் பார்த்துச் சொல்றாங்க. அதில் தப்பு வர வாய்ப்பு கூடுதல்.

மண்டையோட்டை நம்பி ஏமாந்த கதையும் நம்மகிட்ட இருக்கு. ஆதிச்சநல்லூரில் ரீ எடுத்த மண்டையோடுகளை சாலி சக்கர்மேன் ஆராய்ந்து, 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதினார். பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகரான அதே சக்கர்மேன்தான். நீளம் அகலம் அளந்து, ஒன்றை ஆதி ஆஸ்திரலாய்டு வகை, இன்னொன்றை மத்தியதரைக்கடல் வகை என்று பிரித்தார். கைவிரல் விட்டு எண்ணுற அளவு மண்டையோட்டை வைத்துத் தென்னாட்டு இனங்களின் வரலாற்றையே பேசின காலம். அந்த மாதிரி இன வகைப்பாட்டை இன்னைக்கு மானிடவியலில் யாரும் ஏத்துக்கிறதில்லை. மண்டையோட்டின் வேலை மூளையைக் காப்பது. இனம் சொல்றது அதன் வேலை இல்லை.

இப்போ தேடுறது மண்டையோட்டுக்குள்ளே ஒரு சின்னத் துண்டை. பொட்டெலும்பின் உட்பகுதி, உட்காதைப் பொதிந்து காப்பது. பாறை மாதிரி இறுகினது; உடம்பிலேயே அதிக அடர்த்தியான எலும்புகளில் ஒண்ணு. பழைய டிஎன்ஏ அதில்தான் நல்லாத் தங்குதுன்னு 2014, 2015 வாக்கில்தான் உறுதியாச்சு. அப்பவும் நம்ம ஊர் வெயிலும் ஈரமும் டிஎன்ஏவுக்கு எமன். அரியானாவின் ராகிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒருத்தரிடமிருந்துதான் பயன்படும் அளவுக்குக் கிடைத்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வுக்கும் கைகொடுத்தது இந்தக் காதெலும்புதான். கொந்தகை முடிவுகளுக்கு அவசரப்படுறவங்க இந்தக் கணக்கை நினைவில் வைக்கணும்.

2025-இல் கொந்தகையின் ரெண்டு ஆண் மண்டையோடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் கொடுத்தாங்க. படம் வந்ததும் வாட்ஸப்பில் ஆளாளுக்குத் தன் சாதியை, தன் தாத்தாவை அதில் பார்த்தாங்க. நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், மறைக்கலை. ஆனா எலும்பு சொல்றது கண்குழியின் அளவு, மூக்கின் அகலம், தாடையோட அமைப்பு. தோல் நிறம், முடி, உதட்டுத் தடிப்பு இதெல்லாம் எலும்பில் இல்லை. அதை இன்றைய மனிதர்களைப் பார்த்துத்தான் வரையணும். இன்றைய முகத்தைப் போட்டுட்டு, பாருங்க அன்னைக்கும் இதே முகம்தான்னு வாதாடினா அது சக்கர்மேன் பண்ணின வேலையை விடப் பெரிசா வேறில்லை.

பல்லைப் பத்தி இதில் எழுதலை. பல் எலும்பே இல்லை. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பிக்கும். பல் எனாமல் ஒருமுறை உருவானா அவ்வளவுதான். அதனால சின்ன வயசில் குடித்த தண்ணியின் தடயம் அதில் அப்படியே நிற்கும். கொந்தகைக்காரங்க வைகைத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களா, வெளியூரிலிருந்து வந்தவங்களான்னு கேட்க அதுதான் சரியான இடம். அதைத் தனியா எழுதுறேன்.